பதினோரு விநாடி

நான் தச்சன். கதவுக்குப் பின்னால் நிற்பவன்.
திரையில் என் முகம் வராது, கை வராது,
நான் இழுக்கிற கயிறும் வராது.

வூச் நகரத்துப் பழைய நூற்பாலை.
நூல் அறுந்துபோய் நாளாகி
இப்போது படம் பிடிக்கிற கூடம்.
அதற்குள் ஓர் உப்புச் சுரங்கம் கட்டினோம்,
நுரைப்பலகையைச் செதுக்கி, வெள்ளையடித்து,
மேலே நிஜ உப்பு நாலு மூட்டை தூவி.
பிப்ரவரி. பசைவாளி உறைந்துபோகிற குளிர்.

விளையாட்டு வந்தது தொண்ணூற்றெட்டில்.
கத்தோவித்சேயில் ஐந்தாம் மாடி வீடொன்றில்
நாலு பேர் சேர்ந்து செய்தது.
நான் ஆடியதில்லை. தம்பி லூசியன் ஆடினான்.
ஒரு வருஷப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து
ஆடித் தீர்த்தான்.

சுரங்கத்தின் அடியில் ஓர் இரும்புக் கதவு.
பொத்தானை அழுத்தினால்
பதினோரு விநாடி எடுத்துத் திறக்கும்.
முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு கோடு இருட்டு.
கோடு விரற்கடையாகி, சாணாகி,
ஆள் நுழைகிற அகலமாகும்.
அதற்கு உயிரை விடுகிற கூட்டம் இருக்கிறது.
கடிதம் கடிதமாய்க் குவிந்தது தயாரிப்பாளர் மேசையில்:
நாயகனை மாற்று, முடிவை மாற்று,
கதவில் கைவைத்தாயோ, தொலைந்தாய்.

நாயகனை மாற்றத்தான் செய்தார்கள்.
விளையாட்டில் அவன் வாய் திறக்காதவன்,
முகமே பதினேழு முக்கோணம்.
இங்கே இமைமயிரோடு ஒரு நடிகர் வந்தார்.
பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று
செத்துப்போன மனைவி ஒருத்தியைக் கொடுத்தார்கள்.
அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ஹால்ஷ்கா வந்தாள்.
அந்த நால்வரில் ஒருத்தி, கதவை எழுதியவள்.
இப்போது கொதிகலன் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள்.
கையுறையைக் கழற்றாமல் என் கதவைத் தட்டிப் பார்த்தாள்.
"இது ஏன் இவ்வளவு மெதுவாகத் திறந்தது, தெரியுமா?"
"பயம்," என்றார் இயக்குநர் திமோன்,
"காத்திருப்பு. மரணத்தின் வாசலில் மனிதன்…"
"இல்லை. அந்தப் பக்கத்து அறை
குறுந்தகட்டிலிருந்து இன்னும் ஏறி முடியவில்லை.
நினைவகம் போதவில்லை.
வந்து சேர்கிற வரைக்கும் உங்களை நிறுத்திவைக்க
ஒரு கதவைப் போட்டேன்.
இருபத்தைந்து வருஷமாக
அதற்கு வெட்கப்படுகிறேன்."

தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் ஊற்றவில்லை.

மரத்தின் கோணல் தெரிய
சுண்ணாம்பு நூல் அடிக்கிறவன் நான்.
நூல் பிடித்தாற்போல் எடுக்கச் சொல்கிறார்கள்.
சரி.
நூலின் முதல் முனையை எங்கே அறைவது?
அவள் வெட்கத்திலா,
கடிதக்காரர்களின் ஆசையிலா,
திமோனின் மரணத்திலா?

இழுத்தேன்.
ஒன்று இரண்டு மூன்று என்று மனசுக்குள் எண்ணி,
கயிறு உள்ளங்கையை அரக்க,
பதினொன்றில் விட்டு.
பிறகு மறுபடி. இருபத்திரண்டு முறை.
ஹால்ஷ்கா போகாமல் நின்று பார்த்தாள்.
ஐந்தாம் தடவை சிரித்தாள்.
ஒன்பதாம் தடவை சிரிக்கவில்லை.

சோதனைக் காட்சியில்
நாலாம் விநாடிக்கே இருமினார்களாம்.
நாலோடு வெட்டிவிட்டார்கள்.

படத்துக்கு லூசியனை அழைத்துப் போனேன்.
நாற்பதைத் தாண்டிவிட்டான், லாரி ஓட்டுகிறான்.
மடியில் சோளப்பொரி வாளி.
சுரங்கம் வந்தது. உப்பு மின்னியது. என் கதவு.
நடிகர் பொத்தானை அழுத்தினார்.
திரையிலிருந்து கண் எடுக்காமல்
பொரிக்குள் கைவிட்டான் லூசியன்.
அப்போதெல்லாம் அம்மா வைத்துவிட்டுப் போன ரொட்டியை
அவன் கடித்தது இந்தக் கதவில்தான்.
வேறெங்கே கையெடுத்தாலும் செத்தான்.

கதவு திறந்துவிட்டது.
கை, வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு," என்றான் வெளியே வந்து.
"துரு, கீல், அந்தச் சத்தம்கூட."
பனி மூடிய வரிசையில் எங்கள் காரைத் தேடினோம்.
கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்:
"பசிக்குது."